எரியாத கட்சிக்கு ஆளில்லை

போன வாரம் நம் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் குழுவில் யாரோ ஒரு வீடியோ போட்டிருந்தீர்கள். எங்கேயோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து. காமனுக்குப் பெண்டாட்டியாக ஒரு பெண்பிள்ளையே ஆடுகிறாள். ஆளாளுக்குக் கைதட்டும் படம் போட்டீர்கள். "நம்ம காலத்துல இப்படி உண்டா?" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. கொழும்புக்கு வந்ததும் எனக்குத் திமிர் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

கண்ணாடி இல்லாமல் போன் பார்க்க முடியாத வயது நமக்கு வந்துவிட்டது. மறதியும் வந்திருக்கலாம். ஆனாலும் இதையா மறப்பீர்கள்? நம் காலத்திலும் உண்டு. நம் தோட்டத்திலேயே உண்டு. நீங்களும் அன்றைக்குக் காமன் பொட்டலில் சாக்கு விரித்து உட்கார்ந்து பார்த்தவர்கள்தான். ஆடியது என் அக்கா.

உங்கள் பிள்ளைகள் இதைப் படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காகக் கூத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாசியில் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். காமனுக்குக் கல்யாணம் நடக்கும். பிறகு அவன் சாமியின் தவத்தைக் கலைக்கப் போவான். போகாதே என்று பெண்டாட்டி மறிப்பாள். கேட்காமல் போய் நெற்றிக் கண்ணில் எரிந்து சாம்பலாவான். அவள் தாலியறுத்து அழுவாள். மூன்றாம் நாள் அவன் உயிரோடு எழும்பி வருவான். அந்த மூன்று நாளும் இரண்டு பாட்டுக்காரர்கள் எதிரெதிரே நின்று வழக்காடுவார்கள். காமன் எரிந்துவிட்டான் என்று ஒரு கட்சி. எரியவே இல்லை என்று இன்னொரு கட்சி. ஊரே இரண்டாகப் பிரிந்து விசில் அடிக்கும். சின்ன வயதில் நான் எப்போதும் எரியாத கட்சி.

பெண்டாட்டி வேஷம் எங்கள் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு. மாசி பிறந்தால் மாமா மீசையை எடுத்துவிடுவார். அத்தை அந்த மாதம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்காமலே சோறு போடுவாள். ஒத்திகை எங்கள் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில்தான். முகத்துக்குப் பூசும் வெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்த வாசமும், அடுப்புப் புகையும், பெக்டரியிலிருந்து இறங்கும் தேயிலைத் தூள் வாசமும் சேர்ந்து இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. அக்கா பாட்டுக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மாமா விட்ட வரியை எடுத்துக் கொடுப்பாள். எடுத்துக் கொடுப்பதோடு நிற்க மாட்டாள்.

"மாமா, புருசன் சாவப் போறான்னு தெரிஞ்ச பொம்பள இப்படியா இடுப்ப ஆட்டுவா?"

"பின்ன எப்படிடி அழுவா?"

"மொதல்ல அழ மாட்டா. கோவப்படுவா. நான் சொல்லச் சொல்லப் போறானேன்னு."

மாமா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒனக்கு ஆம்பளையாப் பொறக்கக் குடுத்து வைக்கல. பொறந்திருந்தா நல்ல பொம்பள வேசம் கட்டியிருப்ப" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள்.

அக்காவுக்கு அப்போது பதினேழு. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். எனக்குப் பன்னிரண்டு. நம் பள்ளிக்கூடத்தில் வாணி விழாவுக்குத் தமிழ் வாத்தியார், நம் சேர், எழுதிப் போட்ட ராணி நாடகம் ஞாபகமிருக்கிறதா? தம்பியைச் சிறையில் போட்டுவிட்டுத் தானே அரியணை ஏறும் ராணி. அந்த ராணியும் ஒரு பையன்தான். மட்டைக் கிரீடத்தில் தங்கத் தாள் ஒட்டி, தலையில் துவாயைக் கூந்தலாகத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். திரைக்குப் பின்னால் நின்று அவனுக்கு வசனம் சொன்னதும் அக்காதான். யோசித்துப் பார்த்தால், நம் தோட்டத்து இரண்டு மேடையிலும் பெண்ணாக நின்றது ஆண். அந்தப் பெண்களுக்கு வாய் கொடுத்தது அவள் ஒருத்தி.

அந்த நாடகம் முடிந்த கையோடு, கூத்துப் பெண்ணையும் நாடக ராணியையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னார் சேர். அக்கா எழுதியதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன்.

"ஒருத்தி நாற்காலிக்கு ஆசைப்பட்டாள். ஒருத்தி புருஷனுக்கு ஆசைப்பட்டாள். முதலாமவளைக் கெட்டவள் என்கிறார்கள், இரண்டாமவளை உத்தமி என்கிறார்கள். கடைசிக் காட்சியில் இரண்டு பேரும் தலைவிரி கோலமாகத் தரையில்தான் கிடக்கிறார்கள். சிறையில் கிடந்த தம்பி எழுந்து வந்து ராஜாவாகிறான். சாம்பலான காமனும் எழுந்து வருகிறான். ஆண்கள் எழும்புவதற்கு ஒரு வழி வைத்தவர்களுக்குப் பெண்கள் எழும்ப ஒரு வழி தோன்றவில்லை போலும்."

சேர் கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "ஒப்பிடச் சொன்னேன். வழக்குப் பேசச் சொல்லவில்லை." இருபதுக்கு எட்டு.

அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் புத்தகத்தில் உள்ளபடி எழுதினால் பரீட்சையில் தப்பிக்கும் என்று நினைத்தவர். அக்கா அன்றைக்கு அழவில்லை. பலாங்கொடை டவுனில் மேலே உயர்தரம் படித்து, டீச்சராகி, இதே கட்டுரையைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அப்பாவுக்கு வேறு திட்டம் இருந்தது. தை முடிந்ததும் அவளுக்குத் தோட்டத்தில் கூலியாகப் பேர் பதிந்து, கொழுந்து பறிக்க அனுப்புவது. அக்கா மாசி வரைக்கும் சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் கம்பம் ஊன்றி, காமன் கல்யாணத்துக்கு முதல் நாள், மாமா மழையில் வடிகால் கான் ஓரத்தில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு லொறியில் கொண்டுபோனார்கள். சாயங்காலம் தோட்டத்துச் சங்கத் தலைவரும் கூத்து மாஸ்டரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். காமன் வேஷம் தலைவரின் மகனுக்கு.

"ஊன்றுன கம்பத்தப் பாதியில விட்டா தோட்டத்துக்கு ஆகாது" என்றார் மாஸ்டர். "பாட்டு முழுக்கத் தெரிஞ்சது இந்தப் புள்ள ஒண்ணுதான்."

அம்மா பதறிப்போனாள். "பொம்பளப் புள்ளையப் பொட்டல்ல ஆட விடுறதா? என்னாங்க பேசுறீங்க?"

"சாமி காரியம்மா. நான் நிக்கிறேன்ல, ஒரு பேச்சு வராது" என்றார் தலைவர். நீங்கள் யாராவது அவரை மறந்திருந்தாலும் அந்தக் குரலை மறந்திருக்க மாட்டீர்கள்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "ஆடுறேன். ஆனா ஒண்ணு. என்னைய உயர்தரம் படிக்க அனுப்பணும். அப்பா இப்பவே, ஒங்க முன்னாடி சொல்லணும்."

அப்பா தலைவரைப் பார்த்தார். தலைவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கம்பம் இருந்த திசையைப் பார்த்தார். "சரி, படிக்கட்டும்" என்றார் அப்பா. அக்கா என் கையைப் பிடித்து நசுக்கியதில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

இனி என் பங்கு. மாமாவுக்குக் கட்டும் கூத்துத் தாலி வெறும் நூல். அதில் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். என் அக்காவின் கழுத்துக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது எனக்கு. அம்மாவின் டப்பாவிலிருந்து ஒரு துண்டு மஞ்சளை எடுத்து, நூலையும் மஞ்சள் நீரில் நனைத்து, அழகாகக் கட்டிக்கொண்டுபோய் மாஸ்டரின் தட்டில் வைத்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. தப்பு மேளம் குலவை போட்டதுபோல முழங்க, தலைவரின் மகன் அதைக் கட்டினான். அக்கா நிமிர்ந்து நின்றாள்.

எரியும் நாளில் அவள் ஆடியதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் பார்த்தீர்கள். போகாதே என்று மறிக்கும்போது அவள் கெஞ்சவே இல்லை. சண்டை பிடித்தாள். பொட்டல் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. விடிகிற நேரத்தில் காமனை எரித்தார்கள். மாஸ்டர் தாலியை அறுத்து நெருப்பில் போட்டார். அக்கா ஒப்பாரி வைத்தபோது, அதுவரை மாமாவின் ஒப்பாரிக்குச் சிரித்துப் பழகிய பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு மஞ்சள் கருகும் வாசம் வந்தது. என் அக்கா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கீழ் ரோட்டில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் அது புதிதில்லை. அடையாள அட்டை இல்லாத பொடியன்களையெல்லாம் ஏற்றினார்கள். தலைவரின் மகன் எழும்பி வருவதற்காக உடம்பில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தான். சந்தனத்தோடேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். "அனே மஹத்தயா, அனே மஹத்தயா" என்று தாய்மார்கள் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார்கள்.

உயிர் எழுப்புகிற கூத்து நடக்கவில்லை. தப்பு காய்ச்ச மூட்டிய வைக்கோல் மழையில் நனைந்து கிடந்தது. வழக்காட வந்த இரண்டு பாட்டுக்காரர்களும் வேறு தோட்டத்துக்காரர்கள். பயந்து வந்த வழியே போய்விட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு ஆரம்பித்தது. பொம்பளை ஆடியதால்தான் ஜீப் வந்தது. ஒருத்தி, அறுத்த தாலியில் மஞ்சள் இருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். மஞ்சள் வைத்துக் கட்டினால் அது வேஷமில்லை, தாலிதான், காமன் எழும்பாத வரைக்கும் அறுத்தவள் அறுத்தவள்தான் என்றாள் இன்னொருத்தி. நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். நான் வைத்தது என்று சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று இப்போது என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். அப்போது தேற்றல் இல்லை, பயம்தான் இருந்தது.

ஒரு மாதத்துக்குள் பொடியன்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தலைவரின் மகனும் வந்தான். மெலிந்திருந்தான், மற்றபடி நலம். அதே வாரம் அக்காவின் ரிசல்ட்டும் வந்தது. எல்லாப் பாடமும் பாஸ். அவள் காகிதத்தை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா வாங்கவில்லை.

"ஊரு என்னா பேசுதுன்னு தெரியும்ல? இந்த நெலமையில ஒன்னைய டவுனுக்கு அனுப்புனா என்னைய மனுசனா மதிப்பானுகளா?"

"எந்த நெலம? மாமா பத்து வருசமாத் தாலியறுத்தாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அவன் ஆம்பள" என்றார் அப்பா.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள். வாசல் வராந்தாவான இஸ்தோப்பில் பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை.

"தலைவரே, ஒங்க மகந்தான் வந்துட்டாப்லயே. பொட்டல்ல அஞ்சு நிமிசம் படுத்து எந்திரிச்சாப் போதும். மாஸ்டர் நாலு வரி பாடுனா முடிஞ்சிரும். காமன் எந்திரிச்சிட்டான்னு ஊரு வாய மூடிக்கிரும். எம்புள்ள படிக்கப் போயிருவா."

தலைவர் வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார்.

"எந்திரிச்சா என்னா ஆவும்னு யோசிச்சியா? செத்தவன் எந்திரிச்சா அவ பொண்டாட்டி. மஞ்ச வச்சுக் கட்டுன தாலிங்கிறாளுக. நாளைக்கு எம்மகன் ஒம்மகள வச்சுப் பொழைக்கணும்னு வந்து நிப்ப."

"அப்படி வர மாட்டோம்ங்க. சாமி சத்தியமா."

"நீ வர மாட்ட. ஊரு வரும். அவன் எரிஞ்சவனாவே இருக்கட்டும்."

உள்ளே பாய் விரித்து, எரிந்தவன் சோறு தின்றுகொண்டிருந்தான். பருப்புக்குக் கருவாடு பொரித்த வாசம் வாசல் வரைக்கும் வந்தது. அவன் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து அம்மா சொன்னதைக் கேட்டபோதுதான் அக்கா முதல் தடவையாக உடைந்தாள். "நான் அவனக் கேட்டனா? பஸ்ஸுல போயி படிச்சிட்டு வாரேன்னுதானே கேட்டேன்?" என்று கத்தினாள். பக்கத்துக் காம்பராவில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள், கேட்பதற்கு.

சித்திரையில் அவளுக்குப் பேர் பதிந்தார்கள். அடுத்த மாசியில் கம்பம் ஊன்றவில்லை. அதற்கடுத்த மாசியிலும் இல்லை. பொட்டலில் கரப்பந்து வலை கட்டினார்கள். காமன் எழும்ப இடமில்லாமல் போயிற்று.

யாரும் அவளை வெள்ளைச் சேலை கட்டச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பாள். பிள்ளைகள் சமைந்த வீட்டில் குங்குமத் தட்டு அவளிடம் வரும்போது இரண்டடி தள்ளிப் போகும். கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கீழ்க் கடையில் தேத்தண்ணீர் குடிக்க இறங்கினார்கள். அங்கே யார் என்ன சொன்னார்களோ, லயத்துக்கு ஏறாமலே அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்கள். அம்மா பொரித்த பணியாரத்தை நாங்கள் மூன்று நாள் தின்றோம். கட்டுரைக் கொப்பியை அம்மா தாள் தாளாகக் கிழித்து, கொழுந்து மலைக்குப் போகும் அக்காவுக்கு றொட்டி சுற்றிக் கொடுத்தாள். எண்ணெய் ஊறிய தாளில் தன் எழுத்தைப் படித்துக்கொண்டே அக்கா றொட்டி தின்றிருப்பாள் என்பது அம்மாவுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

தலைவரின் மகனுக்கு இரத்தினபுரியில் கல்யாணம் நடந்தது. நீங்களும் போய்ப் பிரியாணி சாப்பிட்டீர்கள். பிறகு அவன் தகப்பனுடைய இடத்துக்கு வந்து, அவனும் தலைவரானான். ஒருநாள் லயத்து வழியாக ஏதோ பேச்சுவார்த்தைக்குப் போகக் கிளம்பி வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் பைல். எதிரே தண்ணீர்க் குடத்தோடு வந்த அக்கா அவனைக் கண்டதும் சட்டென்று ஒதுங்கி, கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். நல்ல காரியத்துக்குப் போகிறவன் எதிரே கைம்பெண் வரக் கூடாதாம். யாருடைய கைம்பெண்? அவனுடையவள். அவன் கடந்து போகும் வரை நின்றுவிட்டு வெளியே வந்தாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பொட்டலில் நிமிர்ந்து நின்றவள் எங்கே போனாள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை.

இதுவரைக்கும் மற்றவர்களைக் குறை சொல்லியே வந்திருக்கிறேன். கேட்கச் சுகமாக இருந்திருக்கும். என் கல்யாணத்துக்கு வருகிறேன்.

என்னைப் படிக்க வைத்தது அக்காவின் பேர்க்காசு, அவளுடைய நாள்கூலி. டவுனுக்குப் போய் உயர்தரம் படித்தேன். நான் போக வேண்டிய பஸ்ஸுக்கு என்னை ஏற்றிவிட்டு அவள் மலைக்கு ஏறுவாள். கொழும்பில் கடை வைத்திருந்தவருக்கு என்னைப் பேசி முடித்தார்கள். தோட்டத்துக் கோயிலில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அம்மாவிடம் அக்காவைப் பற்றி நாசூக்காக ஏதோ கேட்டிருக்கிறார்கள். அம்மா இரண்டு நாளாக என் முகத்தையும் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தையும் பார்க்கவில்லை. நான்தான் அக்காவோடு பேச வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

முதல் நாள் சாயங்காலம் அக்கா என் தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள், மயிரில் மாட்டும். அவளே பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு மலையில கொழுந்து ஏகப்பட்டது நிக்கிது. கங்காணி லீவு தரமாட்டாராம். நான் வேலைக்குப் போறேன்டி. நீ ஒண்ணும் நெனைச்சுக்காத."

தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு தராத கங்காணி இந்த உலகத்தில் இல்லை. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். சீப்பு நின்றது. அவள் காத்திருந்தாள். பன்னிரண்டு வயதில் தெரியாமல் மஞ்சளை வைத்த நான், இருபத்துநாலு வயதில் எல்லாம் தெரிந்துகொண்டே, "சரிக்கா" என்றேன்.

சீப்பு மறுபடியும் ஓடியது.

கோயிலிலிருந்து பார்த்தால் எதிர்மலை முழுக்கத் தெரியும். நீங்கள் எல்லோரும் பட்டுக் கட்டி முன்வரிசையில் இருந்தீர்கள். உங்களில் ஒருத்தியும், "ஒங்கக்கா எங்க?" என்று கேட்கவில்லை. தட்டில் மஞ்சள் துண்டு கட்டிய கயிறு வந்தது. அதன் வாசம் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதிர்மலையில் நிரை பிடித்து நின்ற பெண்களில் எந்தத் தலைத்துணி அவளுடையது என்று தேடினேன். அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

அவன் எரியவில்லை, அவள் அறுக்கவில்லை, இது வெறும் கூத்து என்று எழுந்து சொல்ல அந்தக் கோயிலில் ஒரே ஒரு ஆள் இருந்தது. அது மணவறையில் தலையைக் குனிந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.